செடிக்கு ஒரு கிராப்பு

கேட்டைத் திறந்ததுமே அவளுக்குப் பகீரென்றது. தோட்டத்தில் கணவர் நின்றிருந்தார். கையில் கத்தரிக்கோல்.

"தொட்டுட்டீங்களா?"

"லேசா ஓரம் மட்டும் எடுத்தேன்" என்றார், தெருமுனையில் சலூன் நடத்தும் அந்த மனுஷன்.

ஓரமா? செடி ஆளே அடையாளம் தெரியாமல் நின்றது. காலடியில் மொட்டும் குச்சியுமாய்க் குவிந்து கிடந்தது. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் இந்தக் காரியம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நர்சரியில் ஆசை ஆசையாய்ப் பார்த்து வாங்கிய செடி. குளிர் முடிகிற சமயத்தில், இலை விடுவதற்கு முன்பே கொத்துக்கொத்தாய்ப் பூக்கும். முதல் வருஷம் பூத்தபோது, தெருவில் போகிறவர்கள் நின்று வாசனை பிடித்துவிட்டுத்தான் போனார்கள். அதோடு சரி. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் செடி மொட்டு விடும், இந்த மனுஷனுக்குக் கை அரிக்கும்.

இந்தத் தடவை அவள் உஷாராகத் தோட்டக் கத்தரியைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். அவர் கடைக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"லீவு நாள்லகூட உங்க கை சும்மா இருக்காதா?"

"பரட்டைத் தலையா நிக்குதும்மா. சலூன்காரன் வீட்டு வாசல்ல இப்படி இருந்தா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"பூச்செடிக்குக் கிராப்பு வெட்டற ஆளுன்னு தெருவே சிரிக்குது. மொட்டு விட்டதைப் போய் யாராவது வெட்டுவாங்களா? கல்நெஞ்சு உங்களுக்கு."

அவர் துடைப்பத்தை எடுத்தார். கடையில் முடியைக் கூட்டுவது போலக் குச்சிகளைக் கூட்டி ஓரம் தள்ளினார்.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, காலையிலயே கச்சேரி?"

"இந்தக் கூத்தை நீங்களே பாருங்க டீச்சர்."

"பாவம் அண்ணன், விடுங்க. நானே உங்ககிட்ட ஒரு நல்ல சேதி சொல்லணும்னு இருந்தேன். வர்ற வாரம் பெரிய மேடையில பாடக் கூப்பிட்டிருக்காங்க. இந்தச் சமயம்னாலே எனக்குப் பயம். குடிவந்த வருஷம் இதே சமயத்துலதானே மூச்சு இழுத்துக்கிட்டு, குரலே போச்சு. கிளாஸையே மூடிடலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு வருஷம்கூட வரலைக்கா. எல்லாம் இந்த வீட்டு ராசி."

டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் துடைப்பத்தைப் பார்த்தார்.

"ஏங்க."

"ம்."

"செடி பூத்ததும் அந்த வருஷம்தானே?"

"பூத்த அன்னைக்கு அவங்க பாட்டு நின்னுச்சு. பூவெல்லாம் கொட்டின பிறகுதான் மறுபடி கேட்டுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீயே பிடுங்கிப் போட்டிருப்ப. அப்புறம் டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குச் செடி ஞாபகம் வரும். அவங்களுக்குத் தெரிஞ்சாலும் சங்கடப்பட்டு வேற வீடு தேடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கென்ன, உன்கிட்ட திட்டு வாங்கறது புதுசா?"

அவள் செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மதில் ஓரம் வந்ததும் நின்று, குனிந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷம் சலூன் நடத்தி என்ன பிரயோஜனம்? பின்னந்தலையில ரெண்டு மொட்டுக் கொத்தை அப்படியே விட்டிருக்கீங்க. அந்தக் கத்தரியை இப்படிக் கொடுங்க."