வெண்கலக் கவிஞர்

“கழுத்துல கட்டாதீங்கப்பா! தலை மட்டும் கழண்டு வரும். இடுப்புல போட்டு இழுங்க!”

சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒட்டிலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூங்காவில் ஜெர்மன் கவிஞரின் சிலைப் பீடத்தின்மேல் ஏறி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது வேறு யாருமல்ல, அவள் கணவன் லோரென்ஸ்!

ஜெர்மனியோடு போர் மூண்டதிலிருந்து அமெரிக்காவில், இல்லினாய்ஸின் அந்தச் சிற்றூரில் அவர்களைப் போன்ற ஜெர்மன்காரர்கள் தெருவில் தாய்மொழி பேசவே பயந்தார்கள். இன்று பட்டப்பகலில் கூட்டமே திரண்டு வந்துவிட்டது. அதற்கு இவரே துணையா?

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

“இறங்குங்க கீழே! எங்கப்பா வார்த்த சிலை அது. நம்மாளுங்க வீட்டுக்கு வீடு பாத்திரம் குடுத்தாங்க. எங்கம்மாவோட கல்யாணச் சட்டிகூட அதுக்குள்ள உருகிக் கிடக்கு!”

கூட்டத்தின் தலைவனாக நின்ற தீவனக்கடை ஹார்லன் சிரித்தான்.

“ஏம்மா, ஊறப்போட்ட முட்டைக்கோசுக்கே ஜெர்மன் பேரை எடுத்துட்டு ‘சுதந்திர முட்டைக்கோஸ்’னு வெச்சாச்சு. உங்க கவிஞருக்கு மட்டும் என்ன சலுகை?”

“பாட்டு எழுதினவன் உங்களை என்னய்யா பண்ணினான்? அவன் செத்தே நூறு வருஷமாச்சு!”

“அவ கெடக்கா, ஹார்லன். பொம்பளைப் புத்தி!” என்றபடி குதித்து இறங்கிய லோரென்ஸ், முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தான். “ம், இழுங்க!”

கவிஞர் ஒருமுறை முனகினார். பிறகு முகம் குப்புற மண்ணில் விழுந்தார். கூட்டம் ஆரவாரத்தோடு அவரை ஆற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வெறும் பீடத்தருகே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

“தூ! நீங்கல்லாம் ஒரு மனுஷனா?” ஒட்டிலியின் குரல் உடைந்தது. “என் தம்பி எமில் ஜெர்மன் வாத்தியார். வேலையைப் பிடுங்கினப்பகூட அவன் ஒருத்தன்கிட்டயும் தலை குனியலே. அவன் ஆம்பளை! இப்ப இங்க இருந்திருந்தா உங்க சட்டையைப் பிடிச்சிருப்பான்.”

லோரென்ஸ் பீடத்தின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“மெதுவாப் பேசு, ஒட்டிலி. எமில் நம்ம வீட்டு நிலவறையிலதான் இருக்கான்.”

“நிலவறையிலயா? எதுக்கு?”

“கயித்தோட வந்தவங்க சிலையைத் தேடி வரலே, அவனைத்தான் கேட்டாங்க. நான்தான் சிலையைக் காட்டினேன்.”