ஐம்பதாவது மூச்சு

மார்ச் முப்பத்தொன்று, நண்பகல் சங்கு ஊதும்போது, பட்டறை வாசல்களில் அரசு பதித்திருக்கும் கண் உள்ளே மூச்சு விடுகிறவர்களை எண்ணும். ஐம்பதைத் தொட்டால் பெரிய நிறுவனம், தணிக்கை கட்டாயம். ஒன்று குறைந்தாலும் சிறிய நிறுவனம். கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

சாயப்பட்டறை முதலாளி குப்பண்ணன் ஆண்டுதோறும் ஆட்களை வெளியேற்றி நாற்பத்தொன்பதில் நிறுத்திவிடுவார். இம்முறை ஐம்பதாவதாக நின்ற ருக்குமணி போகவில்லை. பழுதுபார்த்ததாகப் பொய்க்கணக்கு எழுதிய கொதிகலன் வெடித்துத்தான் அவள் கணவன் வெந்து செத்தான். அதே கொதிகலனின் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இவள இழுத்து வெளிய போடுங்கடா!"

தொழிலாளர்கள் அசையவில்லை. குப்பண்ணன் தெருவிலிருந்து ஓர் அடியாளைக் கூப்பிட்டார். அவன் இரும்புக் கம்பியால் அவள் விரல்களை நொறுக்கினான். முடியைப் பிடித்து இழுத்துப்போய் ரோட்டில் எறிந்துவிட்டு, கேட்டை உள்பக்கம் தாழிட்டான்.

ருக்குமணி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, கேட்டின் இடுக்கு வழியாக அடியாளைக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நீங்களும் மூச்சு உடறீங்கல்லங்க?"

குப்பண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பிடுங்கி அடியாளின் மண்டையில் இறக்கினார். மறுபடியும் இறக்கினார். சங்கு ஊதியது.

தரையில் கிடந்தவனின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது.

"ஐம்பது" என்றது வாசல்.