அரைச் சுற்று

மெக்கானிக் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தான். எண்ணெய் முழங்கைவரை வழிந்தது.

நாற்பது வருஷத்துப் பழைய கார். கூரையை மடக்கவும் விரிக்கவும் ஒரு பம்பு, இரண்டு சிலிண்டர். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இவன்தான் வந்து எண்ணெய் ஊற்றி, குழாயில் அடைத்த காற்றை எடுக்க வேண்டும்.

கார்க்காரர் பக்கத்தில் நின்றார்.

"மெயின் ரோட்டுல மாப்பிள்ள கூரையத் தெறந்து வச்சுக்கட்டும். கோயில் தெரு திரும்புறப்ப மூடிரணும். ஒங்க தெருப் பய தெறந்த கார்ல போறத எங்காளுக பாத்துக்கிட்டா இருப்பாங்க? மக்கர் பண்ணுச்சு, மவனே, நீதான் பதில் சொல்லணும். முன்சீட்டுல ஏறிக் கூடவே போ."

"சரிங்க."

சுவிட்சைத் தட்டினார். கூரை எழுந்து மூடியது. மறுபடி தட்டினார். மடங்கியது. காறித் துப்பிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மாப்பிள்ளை காலையிலேயே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். கூரைத் துணியைத் தொட்டுக்கொண்டு கேட்டான்.

"மூடாமயே போக முடியாதாண்ணே?"



இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இவன் மாப்பிள்ளை. அதே திருப்பத்தில் ஜீப்பைவிட்டு இறங்கினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு தெருவைக் கடந்தான்.

பம்பின் அடியில் ஒரு திருகு உண்டு. தளர்த்திவிட்டால் எண்ணெய் வந்த வழியே திரும்பிவிடும். மோட்டார் கத்தும். கூரை எழாது.

அரைச் சுற்று.

டிக்கியைச் சாத்தினான். வீட்டுக்குப் போய்க் குளித்தான். ஸ்பேனர் பையை அடுப்படியில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினான்.

பொழுது சாயுமுன் ஊர்வலம் கிளம்பியது.

திருப்பத்தில் ஆட்கள் நின்றார்கள். சும்மா நிற்கிறவர்கள் போலில்லை; சிலர் கையில் கம்பு இருந்தது. மேளம் தானாகத் தணிந்தது.

டிரைவர் சுவிட்சை அழுத்தினான். மோட்டார் கத்தியது.

மறுபடி அழுத்தினான். கத்தியது.

"என்னண்ணே, ஏறலயே?"

"வண்டிய நிறுத்தாத."

கார் திரும்பியது.

இந்தக் காரில் எப்போதும் குனிந்தே உட்கார்ந்து வந்தவன். முதுகு நிமிர்ந்தபோது வலித்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தான்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். மடித்தான். சட்டைப்பையில், மாலைக்கு அடியில், பத்திரமாக வைத்துக்கொண்டான்.