ராணியம்மா உட்கார்ந்த இடம்

‘பாரதத்திலேயே பொதுமக்களின் கை படாத ஒரே அம்பாசடர்.’

பாண்டியராஜன் இதைப் பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்து, சவுக்குக் கம்பு நட்டு, தன் காரை ஒட்டிக் கட்டியிருந்தார். கட்டிய பத்தாவது நிமிஷம் பானட்டின் மேல் யாரோ குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். நம் நாட்டிலேயே செய்த பழைய கார்களின் கண்காட்சி. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று முப்பத்திரண்டு வண்டிகள் பாலிஷ் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றன.

கோப்பை ஒன்றே ஒன்று. எந்தக் கார் நன்றாக ஓடுகிறது என்பதற்கு அல்ல. எந்தக் காரில் எப்பேர்ப்பட்டவர்கள் போனார்கள் என்பதற்கு.

போன வருஷம் ஒரு நீதிபதி ஏறி இறங்கிய ஃபியட் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. விளாங்குடி வீட்டில் கோப்பைக்கென்று ஒழித்து வைத்த அலமாரித் தட்டு ஒரு வருஷமாகப் பாண்டியராஜனை முறைத்துக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த வருஷம் தன் காருக்கு ஒரு ஜமீனைப் பிடித்துக் கொடுத்திருந்தார்.

நடுவர் ஸ்ரீராம்குமார் கோயம்புத்தூர்க்காரர். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பாண்டியராஜன் முன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“ராணியம்மா உக்கார்ற இடம் சார். கோயிலுக்கு மட்டுந்தான் வண்டிய எடுப்பாக. மத்த நாளு வெல்வெட்டுப் போட்டு மூடிருவாக. ஆறு வருசம் அலைஞ்சு இதே நம்பரத் தேடிப் பிடிச்சேன்.”

நடுவர் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். பிறகு இறங்கப் பார்த்தார்.

கதவு திறக்கவில்லை.

பாண்டியராஜன் வெளியிலிருந்து இழுத்தார். பக்கத்துக் கார்க்காரர்கள் இழுத்தார்கள். மறுபக்கக் கதவை ஃப்ளெக்ஸ் கம்பு மறித்தது. முன் சீட்டைத் தாண்டி வர நடுவரின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கும் பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே நடுவர் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தார்.

“அட, தள்ளுங்கப்பா.”

அவிச்ச கடலை விற்க வந்த சீனியம்மாள் கூடையைக் கீழே வைத்தார். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்தபடி, கதவின் கீழே இடுப்பால் ஒரு இடி இடித்தார்.

கதவு சமர்த்தாகத் திறந்தது.

நனைந்த சட்டையோடு இறங்கிய நடுவர் கேட்டார். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாம என்ன? உசிலம்பட்டி டாக்சிதான இது? சந்தைக்கு வார ஆளுக அம்புட்டும் இதுலதான் வருவோம். பின்னாடி ஏழு பேரு, முன்னாடி டிரைவரோட நாலு பேரு. டிரைவர் அண்ணனுக்குப் பாதி உடம்பு ரோட்டுல தொங்கும்.”

பாண்டியராஜன் சிரிக்க முயன்றார். “ஆத்தா, நீங்க வேற வண்டியச் சொல்றீக. எல்லா அம்பாசடரும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

சீனியம்மாள் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஏப்பா, நீ நாகஜோதி மவன்தான?”

பாண்டியராஜன் மைதானத்தில் யாரையோ அவசரமாகத் தேடினார்.

“ஆத்தி! எம்புட்டு வளந்துட்ட!” அவர் ஜிப்பாக் கையை இழுத்துப் பிடித்து ஒரு கை கடலையைத் திணித்தார் சீனியம்மாள்.

நடுவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். “ஊரெல்லாம் அம்பாசடர் கிடக்குதுங்களே. இந்த டாக்சிய மட்டும் ஏன் சார் ஆறு வருஷம் தேடுனீங்க?”

பாண்டியராஜன் கடலையைத் தோலோடு மென்றார். பதில் சீனியம்மாளிடமிருந்து வந்தது. கூட்டம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடுவர் ஜமீனை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

ஒரு சந்தை நாளில், செக்கானூரணி தாண்டுவதற்குள், அந்தப் பின் சீட்டில்தான் நாகஜோதிக்குப் பாண்டியராஜன் பிறந்தார். உசிலம்பட்டியில் ஏறியவர்கள் பதினோரு பேர். காளவாசலில் இறங்கியவர்கள் பன்னிரண்டு.