பாதுகாப்புக் கண்ணாடி

"மோதிரத்தைக் கழட்டுங்க" என்று அவள் உள்ளங்கையை நீட்டினாள். "இன்னிக்கும் போட்டுக்கிட்டுக் கிளம்பினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். "கட்டின பொண்டாட்டியே கல்யாண மோதிரத்தைப் பிடுங்கி வைக்கிறது நம்ம வீட்லதான்."

அவள் சிரிக்கவில்லை. பல் செட் செய்யும் லேபில் எட்டு வருஷமாகக் கை கிரைண்டர் பிடிக்கிறவள். பக்கத்து மேசைக்காரரின் மோதிரத்தில் கிரைண்டர் முனையில் சுழலும் பிட் சிக்கி, விரல் தோல் உரிந்து போனதைக் கண்ணால் பார்த்தவள்.

அவன் பெயர்ப்பலகை செதுக்கும் பட்டறையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் இந்தப் பாடம்தான்.

"பிட் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க. டிஸ்க்ல கீறல் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. சுத்தறது நிக்காம மெஷினைக் கீழ வைக்காதீங்க."

"சரிங்க டீச்சர்." ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அவன் போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் கண்டாள். பாதுகாப்புக் கண்ணாடி அலமாரி மேலேயே கிடந்தது.

அவளுக்குப் பகீர் என்றது. ஒரு பித்தளைத் துகள் போதும், கண் போய்விடும். போன் அடித்தாள், எடுக்கவில்லை. லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஓடினாள்.

அந்தப் பட்டறைக்கு அவள் போவது இதுதான் முதல் தடவை. 'ஒரே தூசி, உனக்கு இருமல் வந்துடும்' என்று அவன் ஒருநாளும் கூட்டிப் போனதில்லை.

முன் மேசையில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இதை மறந்துட்டு வந்துட்டாரு" என்று அவள் மூச்சிரைக்கக் கண்ணாடியை நீட்டினாள்.

பட்டையில் சிவப்பு நூல் தைத்திருந்ததைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. முகம் மலர எழுந்து நின்றாள். "அக்கா, நீங்களா? வாங்க, உக்காருங்க. பயப்படாதீங்க, என்னோட கண்ணாடியை மாட்டிவிட்டுத்தான் உள்ள அனுப்பினேன்."

போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே மெஷின் சத்தம் மெல்ல இறங்கி, முழுசாக அடங்கியது. அதற்கப்புறம்தான் அதை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. சொன்னதைத் தட்டாமல் செய்கிறார் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லக்கா. சாப்பாடு கட்டித் தர்றது, சட்டைக் கையை மடிச்சு விடறது, எல்லாமே நீங்கதானாமே."

"பின்ன வேற யாரு செய்வா?" அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "ஒண்ணு கேக்கணும்க்கா. தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளும்மா, என்கிட்ட என்ன தயக்கம்?"

"உங்க தம்பியை எனக்குக் கட்டிவைக்க எப்பதான்கா சம்மதிப்பீங்க?"