மணி அடிக்காதவன்

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு ட்வைலா. வீடியோ பாடமா, நேர் வகுப்பா? ஏதாவது ஒண்ணுக்குத்தான் கம்பெனி பணம் கட்டும்."

கிளை மேலாளர் கெய்ல் சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குகளும் பத்திரங்களும் விற்பதற்கான உரிமத் தேர்வில் ட்வைலா ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் இருந்த அந்தத் தரகு நிறுவனத்தில் இரண்டாவது முறையும் தோற்றால் வேலை கிடையாது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். கணவன் ரேவுக்கு அடுத்த மாதம் இதய அறுவைச் சிகிச்சை.

"இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா?" எதிர் மேஜையிலிருந்து கோல்பி கேட்டான். அவனுக்கு இருபத்து நாலு வயது. அவனும் பயிற்சியாளன்தான், முதல் தேர்வுக்குக் காத்திருந்தான். "வீடியோவை வாங்குங்க டீச்சரம்மா. ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டினா ரெண்டே நாள்ல முடிஞ்சிரும். நேர் வகுப்பெல்லாம் கிழடுகட்டைங்களுக்கு."

ட்வைலா பல வருஷம் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அதனால் அவளுக்கு அந்தப் பெயர்.

"போன தடவை வீடியோதான் பாத்தேன்."

"அப்ப வீடியோ மேல தப்பில்ல."

"வாய மூடுடா வாண்டு."

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. வீடியோ பாடத்தைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் புகழ்ந்திருந்தார்கள். நேர் வகுப்பைப் பற்றிச் சொன்னவர்களே குறைவு. விமான நிலையத்தருகே ஒரு ஓட்டலில், சனி ஞாயிறு இரண்டு நாள். லெஸ்டர் என்ற ஒருவர் நடத்துகிறார். ஆனால் குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன்ஸ் பகுதியில் அவளுக்கு எது எங்கே தப்பாகிறது என்று அந்த வீடியோ ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் அதே வாக்கியத்தையே திரும்பச் சொன்னது.

"எனக்கு ஒரு மனுஷன் எதிர்ல நின்னு சொல்லணும்டா. புரியலன்னா என் மூஞ்சியைப் பாத்தே அவருக்குத் தெரியணும்," என்றாள். அவனிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறோம் என்று உடனே எரிச்சலும் வந்தது.

கோல்பி அந்த நேர் வகுப்பின் விளம்பரத் தாளை அவள் மேஜையிலிருந்து எடுத்துப் படித்தான்.

சாயங்காலம் நேர் வகுப்புக்கே பெயர் கொடுத்தாள். "உறுதி செய்து தகவல் அனுப்புவோம்" என்றார்கள். புதன்கிழமை வரை தகவல் இல்லை.

வியாழக்கிழமை காலை கோல்பி தேர்வெழுதப் போனான். கணினியில் எழுதும் தேர்வு. முடித்த உடனேயே முடிவு திரையில் வந்துவிடும். தேறி வருபவர்கள் வாசலில் தொங்கும் பித்தளை மணியை அடித்துவிட்டு உள்ளே வருவது அந்தக் கிளையின் வழக்கம். வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

மதியம் கோல்பி வந்தான். மணியைத் தாண்டி நடந்து வந்து, பேசாமல் உட்கார்ந்து கணினியைத் திறந்தான்.

கைதட்டத் தயாராக எழுந்த இரண்டு பேர் மெல்ல உட்கார்ந்தார்கள். "யாரும் அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றாள் கெய்ல்.

ட்வைலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு திருப்தியும் இருந்தது. ஒண்ணரை மடங்கு வேகம்!

வெள்ளிக்கிழமை வகுப்பு உறுதியாகித் தகவல் வந்தது.

சனிக்கிழமை காலை ஓட்டல் அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். கடைசி வரிசையில் கோல்பி, கையில் காபியுடன்.

"அடப்பாவி! என்னை வீடியோ பாக்கச் சொல்லிட்டு நீ மட்டும் இங்க வந்து உக்காந்திருக்கியா? இது கிழடுகட்டைங்க வகுப்புன்னு சொன்னது யாரு?"

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கோல்பியின் காதுமடல் சிவந்தது.

"எனக்கும் வயசாயிடுச்சு டீச்சரம்மா."

"தோத்தா எல்லாருக்கும் வயசாயிடும்," என்றாள் சத்தமாகவே. அவன் தலையைக் குனிந்து காபியைக் குடித்தான்.

லெஸ்டர் பலகையில் ஆப்ஷன்ஸ் கட்டம் போட்டார். ட்வைலா கையைத் தூக்கினாள். விளக்கினார். மறுபடி தூக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போட்டதை அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டார். மூன்றாவது முறை, ஆப்ஷனை விற்றவன் எப்போது நஷ்டப்படுகிறான் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. குனிந்து பேனாவைத் தேடுவதுபோலப் பாவனை செய்தாள்.

கோல்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இடைவேளையில் அவன் வெளியே போனதும் அவள் லெஸ்டரிடம் போனாள்.

"பின்னாடி உக்காந்திருந்தானே ஒருத்தன், அவனைக் கொஞ்சம் கவனிங்க சார். வியாழக்கிழமைதான் பெயிலானான். அப்பவும் வாயத் திறந்து ஒரு சந்தேகம் கேக்க மாட்டேங்கிறான் பாருங்க. அவ்வளவு திமிர்."

"யாரு, கோல்பியா? பெயிலா?" லெஸ்டர் பலகையை அழிப்பதை நிறுத்தினார். "நல்ல மார்க்கோட பாஸான பையன்மா அவன். பரீட்சை எழுதி வெளிய வந்த கையோட எனக்குப் போன் பண்ணி, வகுப்பு உண்டா இல்லையான்னு கேட்டான். ஆறு பேர் சேரலன்னா ஓட்டல்ல அறை தர மாட்டாங்க, அஞ்சு பேர்தான் இருக்காங்க, ரத்து பண்ணப்போறேன்னேன். பாஸானவன் வந்து உக்காந்தா அதையும் ஒரு தலையா கணக்குல சேத்துக்குவீங்களான்னான். உனக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னேன். ஆபீஸ்ல எதிர் மேஜை காலியாயிட்டா சண்டை போட ஆள் கிடைக்காதுன்னுட்டான்."