டிரைவரின் சிகரெட்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், மகள் அப்பாவை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. சட்டைப் பையைத் துழாவுவாள். காலரை மோந்து பார்ப்பாள்.

பஸ் டிரைவர் அவர். சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியாக மருந்தை விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளச் சொன்னபோது, எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி என்று நர்ஸைச் சிரிக்க வைத்தவர்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும் மருந்து. அதற்காகவே சிகரெட்டைத் தலைமுழுகினார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாரே தவிர, ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மகள் வாயெடுப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார். அப்பா மேல் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை என்றார். சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவில் சின்ன மாறுபாடு இருக்கும், அவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பும் கூடுதல், உடம்பு இந்த மருந்துக்கும் சரியாக மசியாது. இவருடைய ரத்தப் பரிசோதனையிலும் அப்படி ஒன்று தெரிகிறது, அதனால்கூட இருக்கலாம்.

டிரைவருக்கு நெஞ்சு லேசானது. வியாதியைக்கூட மறந்து, கேட்டாயா என்பதுபோல் மகள் பக்கம் திரும்பினார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. வெளுத்துப்போயிருந்தது.

மூக்கு முதல் முன்கோபம் வரை அப்பாவை உரித்து வைத்தவள். மேஜைக்கு அடியில் அவள் கை அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெற்றவர்களிடமிருந்து வருவதுதானே இது என்று மெதுவாகக் கேட்டாள். டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். நடுவுல மறுபடி சிகரெட் புடிக்க ஆரம்பிச்சிட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது. எத்தனை என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாலு என்றார் டிரைவர். மகளின் முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. அதை எட்டாக்கினார்.

"எனக்குத் தெரியும்ப்பா. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கைப்பையை வாரிக்கொண்டு வெளியே போனாள். கதவு படாரென்று மூடிக்கொண்டது.

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது தெரிந்தது. மகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார், அவளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

டிரைவர் தலையாட்டினார்.

கோபம் வந்தால் அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுவாள். பயம் வந்தால் விடிய விடிய விழித்துக் கிடப்பாள்.

சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு மட்டும் தூங்கட்டும்.